விதைக்குள் வயிரம் இருக்கிறதா?

திருகோணமலை என்ற பெயரைக் கடலுக்கு அப்பால் கொண்டுபோனவை கோணேசர் கோயிலும் துறைமுகமும் என்றுதான் நினைத்திருக்கிறோம். ஒரு மரமும் அந்த வேலையைச் செய்தது. நாம் சாவண்டலை என்றும் சிங்களவர் ஹல்மில்ல என்றும் சொல்லும் மரத்துக்கு ஆங்கிலேயர் காலத்து மர வியாபாரத்தில் 'திருகோணமலை மரம்' என்றே பெயர். 1859இல் இலங்கையைப் பற்றி இரண்டு பாகங்களில் நூல் எழுதிய எமர்சன் தெனன்ற், பீப்பாய்ப் பலகைக்கு ஏற்ற மரம் இத்தீவில் இது ஒன்றுதான் என்றும், சென்னைக் கரையின் பேரலையைத் தாண்டும் மசூலாப் படகுகளைக் கட்டவும் இது உதவியது என்றும் பதிந்திருக்கிறார். மசூலாப் படகின் பலகைகளை ஆணியடித்து இறுக்கியதில்லை. தென்னங் கயிற்றால் தைப்பார்கள். அலை மோதும்போது கயிறு இளகிக் கொடுக்கும், பலகை வளைந்து நிமிரும், படகு கரை சேரும். அந்தப் பலகைக்கு இந்த வலு எங்கிருந்து வந்தது? பாட்டன்மாரைக் கேட்டிருந்தால் 'அது அந்த மரத்தின் சாதிக்குணம்' என்றிருப்பார்கள். இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால் 'பரம்பரையலகு' என்கிறது; தமிழகத்துப் பிள்ளை 'மரபணு' என்கிறது. சொல் மாறியிருக்கிறது, தொனி மாறவில்லை. இரண்டு பதில்களும் மேற்கொண்டு கேட்க இடம் வைக்காமல் கதவைச் சாத்துகின்றன. மரத்தின் வலு தங்கியிருக்கும் கலச்சுவரைப் பற்றிக் கடந்த சில பத்தாண்டுகளில் தெரியவந்தவற்றை வைத்து அந்தக் கதவை மறுபடி திறந்து பார்க்கலாம். கேள்வி தாவரவியலைச் சேர்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே இருப்பது பழைய சமயக் கேள்வி: மரம் விதைக்குள் முன்பே இருக்கிறதா, அல்லது பிறகுதான் உண்டாகிறதா?

கோணேசர் ஆலயத்தின் தலமரம் கல்லால். கல்லாலின் கீழ்த் தென்முகமாக அமர்ந்து, சனகர் முதலிய நால்வருக்குப் பேசாமலே பொருளை உணர்த்திய குரு என்று சிவனைச் சைவர் போற்றுவர். அந்த மரத்தடியில் தொடங்கியதாகக் கருதப்படும் ஞான மரபு, பிற்காலத்தில் காரணத்தையும் காரியத்தையும் பற்றி மிகக் கறாரான ஒரு கணக்கை வகுத்துக்கொண்டது. இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது, காரியம் காரணத்துக்குள் நுண்மையாக முன்பே இருக்கிறது என்பது சற்காரியவாதம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதமும் அதன் வழிவந்த நூல்களும் இந்த நிலைப்பாட்டில் நிற்பவை. நியாய, வைசேடிகர் இதை மறுத்தனர். மண்ணில் குடம் இல்லை, குடம் புதிதாகவே உண்டாகிறது என்பது அவர்கள் கட்சி. சைவ சித்தாந்தம் இத்தோடு நிற்காமல் ஒரு காரியத்துக்கு மூன்று காரணங்களைக் கேட்கும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் சொன்னதாகப் பாவனை பண்ணக்கூடாது. உலகுக்கும் இறைவனுக்கும் உள்ள உறவை விளக்க வந்த இந்தக் கணக்கை அன்றாடப் பொருளில் மட்டும் கையாண்டு கேட்கிறேன்: மரத்தின் வலு என்ற காரியத்தில் பரம்பரையலகு எந்தக் காரணம்? மண்ணா, சக்கரமா, குயவனா?

முதலில் காரியத்தைப் பார்க்க வேண்டும். சோறும் மரமும் ஒரே சர்க்கரையால் ஆனவை. குளுக்கோசு மூலக்கூறுகளை ஒருவிதமாகக் கோத்தால் மாப்பொருள். அது நெல்மணியிலும் பனங்கிழங்கிலும் இருக்கிறது. ஒவ்வொரு மூலக்கூறையும் முன்னதற்குத் தலைகீழாகத் திருப்பிக் கோத்தால் நேராக நீளும் சங்கிலி கிடைக்கும், அது செலுலோசு. முன்னதை நம் வயிறு கரைக்கும், பின்னதைக் கரைக்காது. செலுலோசுச் சங்கிலிகள் பக்கம் பக்கமாக ஒட்டி, ஏறத்தாழ 3 நனோமீற்றர் தடிப்புள்ள நுண்நாராகின்றன. ஒரு நாரில் 18 சங்கிலிகள் இருக்கலாம் என்பது இன்று பலரும் ஏற்கும் கணக்கு; முன்பு 36 என்று எண்ணியிருந்தார்கள். இந்த நார்களுக்கு இடையே சைலோகுளுக்கான், சைலான், பெத்தின் போன்ற வேறு பல்சக்கரைட்டுகள் நிரம்புகின்றன. மரத்தின் துணைச்சுவரில் கடைசியாக இலிக்னின் ஊறி இறுகுகிறது. செலுலோசை நெய்யும் தறி கலமென்சவ்வில் இருக்கிறது. ஆறு இதழுள்ள பூவைப் போன்ற அந்தப் புரதக் கூட்டத்தை 1980இல் முல்லரும் பிரவுணும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டனர். அந்தப் புரதத்துக்கான தாவரப் பரம்பரையலகுகள் 1996இல் பருத்தி நாரிலிருந்து முதலில் அடையாளம் காணப்பட்டன. கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடொப்சிசில் இத்தகையவை 10 உண்டு. 1, 3, 6 என்று எண்ணிடப்பட்டவை வளரும் கலத்தின் மெல்லிய முதற்சுவருக்கு உழைக்கின்றன. 4, 7, 8 என்பவை தடித்த துணைச்சுவருக்கு.

பரம்பரையலகே எல்லாம் என்பவரின் கட்சி இந்த இடத்தில் மிகப் பலமாக இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 1997இல் டேணரும் சமர்வில்லும் சில அராபிடொப்சிசு விகாரங்களை, அதாவது பரம்பரையலகு பழுதான செடிகளை, விவரித்தனர். அவற்றின் காழ்க்கலன்கள், அதாவது நீரை மேலே இழுத்துச் செல்லும் குழாய்கள், உள்நோக்கி நசுங்கிக் கிடந்தன. துணைச்சுவரில் செலுலோசு குறைந்துவிட்டதால் நீரை இழுக்கும் இழுவிசையைச் சுவர் தாங்கவில்லை. இத்தகைய விகாரங்களில் பின்னர் தேடியபோது, பழுது மேற்சொன்ன 4, 7, 8 ஆகியவற்றில் ஒவ்வொன்றிலும் இருந்தது. மூன்றில் எது கெட்டாலும் தறி ஓடாது. நெல்லிலும் இதே கதைதான். தாளை வளைத்தால் ஈர்க்குப் போலப் படக்கென்று முறியும் நெல் விகாரங்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் காரணத்தை 2003இல் கண்டபோது, அது சுவரில் செலுலோசு படிவதற்குத் துணைநிற்கும் ஒரே ஒரு புரதத்தின் பழுது என்று தெரிந்தது. கந்தளாயிலும் மூதூரிலும் வயல் செய்பவருக்குத் தாளின் வலு வெறும் ஆராய்ச்சிப் பொருளல்ல. மழையோடு வரும் காற்றில் பயிர் சாய்ந்தால் போகம் போயிற்று. ஒரு பரம்பரையலகு கெட்டால் தாள் முறிகிறது, ஆகவே தாளின் வலு பரம்பரையலகில் இருக்கிறது என்று அவர் முடிவு கட்டினால் யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் அந்த 'ஆகவே' ஒரு பெரிய பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கிறது. சக்கரத்தின் அச்சு முறிந்தால் குடம் உண்டாகாது. அதனால் குடம் அச்சுக்குள் இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஒன்றைக் கெடுக்கும் வல்லமை வேறு, ஆக்கும் வல்லமை வேறு. கலச்சுவரில் இந்த வேறுபாடு மற்ற இடங்களைவிடக் கூர்மையாகத் தெரிகிறது. புரதத்தின் வரிசை பரம்பரையலகில் எழுத்துக்கு எழுத்து எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றதைப் படிக்கலாம். பல்சக்கரைட்டுக்கு அத்தகைய மூலப்படி எங்கேயும் இல்லை. எத்தனை ஆயிரம் குளுக்கோசு கோத்ததும் சங்கிலி முடிய வேண்டும், எந்த இடத்தில் பக்கக் கிளை வர வேண்டும் என்று எந்த எழுத்தும் சொல்வதில்லை. பரம்பரையலகு நொதியத்தை ஆக்குகிறது. நொதியம் கைக்கு எட்டிய சர்க்கரையைக் கோக்கிறது. வெளியே வந்த சங்கிலிகள் ஐதரசன் பிணைப்பால் தாமே சேர்ந்து பளிங்காகின்றன. தறி எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதை மென்சவ்வின் உட்புறத்தில் கிடக்கும் நுண்குழாய்கள் காட்டுகின்றன; தறிக்கு ஒளிரும் அடையாளமிட்டு, அது நுண்குழாய்த் தடத்தின்மேல் ஊர்வதை 2006இல் பரடெஸ், சமர்வில், எர்ஹார்ட் ஆகியோர் உயிருள்ள கலத்திலேயே படம்பிடித்தனர். அந்த நுண்குழாய்களோ கலத்தின் வடிவத்துக்கும் அதன்மேல் விழும் விசைக்கும் ஏற்பத் தம்மைத் திருப்பிக்கொள்பவை. எழுத்துக்கும் வலுவுக்கும் நடுவே இத்தனை கைகள் இருக்கின்றன.

இதன் விளைவை அந்த மசூலாப் படகிலேயே காணலாம். பலகையும் கயிறும் இரண்டுமே செலுலோசு நார்கள், இரண்டிலும் இலிக்னின் ஊறியிருக்கிறது. ஒன்று விறைப்பாக நிற்கிறது, மற்றது இழுபட்டுக் கொடுக்கிறது. முக்கியமான காரணங்களில் ஒன்று கோணம். மரத்தின் தடித்த சுவரடுக்கில் நுண்நார்கள் கலத்தின் நீளப்போக்கை ஒட்டியே, பெரும்பாலும் 30 பாகைக்குள் சாய்ந்து கிடக்கும். தென்னந் தும்பிலோ அவை ஏறத்தாழ 45 பாகையில் சுருளாகச் சுற்றிக் கிடக்கும். இழுத்தால் சுருள் நீளும். நார் ஒன்றுதான், வைத்த விதம் வேறு. இன்னொரு சாட்சி கப்பல். 1782இல் நம் துறைமுகத்துக்கு வெளியே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கடற்போரின் நினைவாகப் பெயரிட்டு, பம்பாயில் ஜம்சேட்ஜி போமன்ஜி வாடியாவின் தளத்தில் மலபார்த் தேக்கால் கட்டி 1817இல் இறக்கிய 'திருகோணமலை' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் மிதக்கிறது. இருநூறு ஆண்டு தாக்குப்பிடித்த அந்தத் தேக்கின் உறுதி சுவரின் செலுலோசில் மட்டும் இல்லை. பூச்சியையும் பூஞ்சணத்தையும் அண்டவிடாமல் வயிரத்தில் ஊறிய எண்ணெயிலும் பிற சேர்மங்களிலும் இருக்கிறது. வலு என்று ஒற்றைச் சொல்லால் நாம் சுட்டுவது ஒற்றைப் பொருளே அல்ல.

பரம்பரையலகு எழுதிய குறையை வெளியுலகம் ஈடுசெய்த நிகழ்வுகளும் உண்டு. பியூக்கோசு என்ற சர்க்கரையை ஆக்க முடியாத அராபிடொப்சிசு விகாரம் ஒன்று குள்ளமாக வளரும். பெத்தின் வகையைச் சேர்ந்த ஒரு பல்சக்கரைட்டில் இந்தச் சர்க்கரை இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து அமர்வதால், அம்மூலக்கூறுகளை இரண்டிரண்டாகப் பூட்டும் போரன் சரியாகப் பிடிக்காமற் போகிறது. 2001இல் ஓனீலும் உடன் ஆய்வாளர்களும் அந்தச் செடிக்குக் கூடுதலாகப் போரிக் அமிலம் கொடுத்தார்கள்; பூட்டுகள் பெருகின, செடி நிமிர்ந்தது. எழுத்துப் பிழை அப்படியே இருக்க, வெளியிலிருந்து வந்த ஒரு பொருள் அதை ஈடுசெய்தது. 2007இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு இதைவிட வியப்பானது. முதற்சுவரின் செலுலோசு குறைந்த விகாரம் ஒன்று வளர்ச்சி குன்றி, தேவையற்ற இடங்களில் இலிக்னின் படிந்து கிடந்தது. செலுலோசு இல்லாததால் செடியால் வளர முடியவில்லை என்பதே எல்லோரும் செய்திருக்கக்கூடிய ஊகம். ஆனால் கலத்தின் மேற்பரப்பிலுள்ள உணரி ஒன்று அதனுடன் சேர்ந்து பழுதானபோது, செலுலோசு கூடாமலே செடி ஓரளவு வளர்ந்துவிட்டது, இலிக்னினும் குறைந்தது. சுவர் பழுதுபட்டதை உணர்ந்து செடி தானே வளர்ச்சியைக் கட்டிப்போட்டிருந்தது என்பது அப்போதுதான் புலனாயிற்று. இறுதியாக, நார்களைத் தைக்கும் கயிறு என்று பாடநூல்கள் சொல்லிவந்த சைலோகுளுக்கான். அதை ஆக்கும் இரண்டு பரம்பரையலகுகளும் செயலிழந்த செடியில் அது தடம்கூடக் காணப்படவில்லை என்று 2008இல் தெரிந்தது. தையல் அறுந்த படகு போலச் செடி குலைந்திருக்க வேண்டும். சற்று வலுக் குறைந்தாலும் அது வளர்ந்தது, பூத்தது. கணக்கைத்தான் நாம் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

தொல்காப்பிய மரபியல் செடிக்கும் மரத்துக்கும் ஓர் அறிவு கொடுத்தது. தொட்டு உணரும் அறிவு. அதே இயல், வெளிப்புறம் வயிரம் உடையதைப் புல் என்றும் உட்புறம் வயிரம் உடையதை மரம் என்றும் பிரித்தது. பனையும் தென்னையும் அந்தக் கணக்கில் புல். சாவண்டலையும் முதிரையும் மரம். வயிரத்துக்கு அது வைத்த சொல் காழ். நம் பாடநூல்கள் நீர் கடத்தும் இழையத்துக்கு அதே சொல்லைத்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன. தொடுகையையும் காழையும் ஒரே இயலில் வைத்த அந்த நூலுக்குத் தெரியாத ஓர் இணைப்பை 1990இல் ஜேனற் பிராமும் ரொனால்ட் டேவிசும் தற்செயலாகக் கண்டனர். செடிகளுக்கு ஓமோன் தெளித்து, எந்தப் பரம்பரையலகுகள் விழிக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பீட்டுக்காக வெறும் நீர் தெளித்த செடியிலும் அவையே விழித்தன. ஓமோன் காரணமல்ல, நீர்த்துளி விழுந்த தொடுகையே காரணம். காற்றில் அசைத்தாலும் கையால் தடவினாலும் அரைமணி நேரத்துக்குள் அவை பன்மடங்கு இயங்கின. தினமும் தொடப்பட்ட செடி குட்டையாக வளர்ந்தது. அவற்றுள் ஒன்று, சைலோகுளுக்கான் சங்கிலியை வெட்டி வேறிடத்தில் ஒட்டும் நொதியத்துக்கு உரியது என்று 1995இல் தெரிந்தது. தொடுகை சுவரைத் திருத்துகிறது. இதை ஆய்வுகூடம் இல்லாமலே காட்டுவது ஆல் இனம். விழுது அந்தரத்தில் தொங்கும்வரை நெகிழ்ந்து ஆடும். மண்ணைத் தொட்டு வேர்பிடித்ததும் அதன் காழில் இழுவிசைக் கட்டை என்னும் வேறுவகை நார்கள் உண்டாகின்றன. அவற்றின் உட்சுவர் ஏறக்குறைய முழுக்கச் செலுலோசு, நுண்நார்கள் நீளப்போக்கில் நேராகக் கிடப்பவை. விழுது சுருங்கி விறைத்து, கிளையைத் தாங்கும் தூணாகிறது. 1968இல் சிமர்மனும் உடன் ஆய்வாளர்களும் ஆலின் உறவான ஓர் அத்தி இனத்தில் இதை விவரித்தனர். தொங்கும் விழுதிலும் ஊன்றிய விழுதிலும் பரம்பரையலகுகள் ஒன்றே. நடுவில் நடந்தது நிலத்தோடு ஒரு சந்திப்பு.

இங்கே அறிவியல் படித்தவர் ஒரு தடையை எழுப்புவார்: அந்தச் சந்திப்புக்கு விடைசொல்லும் திறனும் பரம்பரையலகில் எழுதியிருப்பதுதானே? தொட்டதும் விழித்தது பரம்பரையலகு. இழுவிசைக் கட்டையை நெய்ததும் அதன் நொதியங்கள். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம் அல்லவா? தடை சரியானது, ஆனால் அது நிறுவுவது அவர் நினைப்பதைவிடக் குறைவு. விடைசொல்லும் திறன் எழுதப்பட்டிருக்கலாம். கேள்வி எழுதப்பட்டிருக்கவில்லை. எந்த விழுது எந்த ஆண்டு எந்த மண்ணைத் தொடும், வாடைக்காற்று எந்தப் பக்கக் கிளையை எவ்வளவு அசைக்கும், வேர் துழாவும் மண்ணில் போரன் எவ்வளவு என்பவை விதைக்குள் எந்த நுண்மையான வடிவத்திலும் இல்லை. வலு என்பது கேள்வியும் விடையும் சேர்ந்த உரையாடல். ஒருவருடைய பங்கை மட்டும் பதிந்துவைத்து அதையே உரையாடல் என்று சொல்ல முடியாது. சற்காரியவாதத்தையும் இந்த இடத்தில் கவனமாகப் படிக்க வேண்டும். காரியம் காரணத்துக்குள் இருக்கிறது என்றபோது, சுருட்டி வைத்த பாய்போல முழு மரமும் உள்ளே மடிந்திருக்கிறது என்று சித்தாந்தி சொல்லவில்லை. வெளிப்படுவதற்கான தகுதி உள்ளே இருக்கிறது; வெளிப்பட மற்றக் காரணங்கள் வேண்டும் என்றார். தகுதி இல்லாத இடத்தில் எந்தச் சந்திப்பும் எதையும் உண்டாக்காது என்பதால் நியாயவாதியின் வெறும் புதுமையும் போதாது. தகுதியே காரியம் அல்ல என்பதால் பரம்பரையலகே விதி என்பதும் போதாது.

இரண்டாவது தடை எதிர்த்திசையிலிருந்து வரும். காற்றும் மண்ணும் இவ்வளவு செய்யுமானால் முருங்கையைக் காற்றில் நிறுத்திப் பாலை மரமாக்கிவிடலாமே? முடியாது. எத்தனை சோளகமும் வாடையும் அடித்தாலும் முருங்கை முருங்கைதான். வறண்ட காட்டில் நின்று கனத்து இறுகும் பாலையின் கட்டை அதற்கு வாய்க்காது. இந்த எல்லையைப் பரம்பரையலகு வரைகிறது என்பதை மறுப்பவன் வயலுக்கும் போகாதவன், காட்டுக்கும் போகாதவன். இந்தத் தீவிலேயே பௌத்த உரைமரபு இதைத் தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுர மகாவிகாரையில் தங்கி எழுதிய புத்தகோசரின் பெயரில் வழங்கும் உரைகள் ஐந்து நியதிகளைச் சொல்கின்றன: பருவ நியதி, விதை நியதி, வினை நியதி, சித்த நியதி, தம்ம நியதி. நெல் விதை நெல்லையே தருவது விதை நியதி. வெயிலும் மழையும் பருவ நியதி. செயலுக்குப் பயன் வருவது வினை நியதி. விதையின் ஒழுங்கை வினையின் ஒழுங்கோடு கலக்காதே என்பது இந்தப் பட்டியலின் பயன். அந்த எச்சரிக்கை நமக்கு இன்று தேவைப்படுகிறது. தலையெழுத்து என்ற பழைய சொல்லின் இடத்தில் பரம்பரையலகை உட்காரவைக்கும்போது விதை நியதிக்கு வினை நியதியின் சட்டையைப் போட்டுவிடுகிறோம். எல்லை வரைவது, தீர்ப்பு எழுதுவதாக மாறிவிடுகிறது.

மூன்றாவது தடை இந்தக் கட்டுரையின் முறையையே கேள்வி கேட்கும். கலச்சுவருக்குக் குயவன் எதற்கு? முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என்று பேசுவது அறிவியலின் பின்வாசலால் கடவுளைக் கொண்டுவருவதாகாதா? அப்படிக் கொண்டுவர நான் இந்தச் சாட்சிகளைப் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தினால் அவை தாங்கா. செலுலோசுத் தறிக்குப் பின்னால் ஒரு நெசவாளன் இருப்பதை நுணுக்குக்காட்டி காட்டவில்லை; காட்டாததால் இறைவன் இல்லை என்றும் ஆகாது. சித்தாந்தத்திடம் நான் கடன் வாங்குவது அதன் முடிபை அல்ல, அதன் ஒழுங்கை. வினைகூடச் சடம், அறிவில்லாதது, தானாக வந்து உயிரைப் பொருந்தாது, பொருத்துவிப்பது வேறொன்று வேண்டும் என்று சித்தாந்தம் வாதிட்டது. பொருத்துவிப்பவன் இறைவன் என்பதை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் நம்பிக்கை. ஆனால் சடமான ஒன்றைக் கர்த்தாவாகப் பேசாதே என்ற கட்டுப்பாடு நம்பிக்கையில்லாதவருக்கும் பயன்படும். 'பரம்பரையலகு தீர்மானிக்கிறது, கட்டளையிடுகிறது, எழுதுகிறது' என்ற நம் வழக்குகள் எல்லாம் சக்கரத்தைக் குயவனாக்கும் பேச்சு. கணக்கை ஒழுங்காகப் போட்டால், சுவரின் மண் வெயிலும் காற்றும் நீரும் சேர்ந்து செய்த சர்க்கரை. பரம்பரையலகு துணைக்காரணங்களுள் ஒன்று. தலைமையான ஒன்று, அது இல்லாமல் எதுவும் சுழலாது, ஆனாலும் சக்கரம். குயவனின் இடத்தை அறிவியல் வெறுமையாக விட்டிருக்கிறது. வெறுமையாக இருப்பதனாலேயே சக்கரத்தைத் தூக்கி அதில் வைத்துவிடக்கூடாது.

இவ்வளவு நுணுக்கம் ஒரு மரத்துக்குத் தேவையா என்று கேட்கலாம். சாதி என்ற சொல் மரத்தோடு நிற்காதபடியால் தேவை. மரத்தின் சாதிக்குணத்தைச் சொல்லிய அதே வாய் மனிதரின் சாதிக்குணத்தையும் சொல்லிவந்திருக்கிறது; பிறப்பே தகுதி என்ற பழைய பேச்சு வெட்கப்பட்டு ஒதுங்கவேண்டிய காலத்தில், 'ஜீனில் இருக்கிறது' என்ற புதிய வேட்டி கட்டி மறுபடி சபையேறுகிறது. இதற்கு மறுப்பாக நான் மரத்தைக் காட்டினால் ஒரு கூர்மையான வாசகர் தடுப்பார்: நின்ற இடத்திலேயே நிற்கவேண்டிய செடி, தன்னைச் சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே ஆகவேண்டும், நடமாடும் உயிருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆகவே செடியின் நெகிழ்ச்சியை மனிதனுக்கு நீட்ட முடியாது. ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு நெகிழ்ச்சி என்பதை ஒவ்வோர் உயிரிலும் ஒவ்வொரு குணத்திலும் தனித்தனியே ஆராய்ந்துதான் சொல்ல வேண்டும். நான் செடியிலிருந்து எடுப்பது அளவை அல்ல. 'பரம்பரையலகில் இருக்கிறது' என்ற வாக்கியம் தனியே நின்று எதையும் விளக்குவதில்லை என்பதை மட்டும் எடுக்கிறேன். அந்த வாக்கியத்தைச் சொல்பவர், எந்தப் பரம்பரையலகு, எந்த நொதியம், எந்த மண், எந்தக் காற்று என்று தொடர்ந்து சொல்லக் கடமைப்பட்டவர். மரத்துக்கே இந்தக் கடமை உண்டென்றால், மனிதக் கூட்டம் ஒன்றின் மீது தீர்ப்புச் சொல்பவர் அதிலிருந்து தப்ப வழியில்லை. திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினைக்கு ஓர் அதிகாரமும் வைத்ததை முரண் என்று பலர் எண்ணுவர். தகுதியும் சந்திப்பும் சேர்ந்தே காரியம் என்று பார்ப்பவருக்கு அங்கே முரண் தெரியாது.

விதைக்குள் வயிரம் இருக்கிறதா? வயிரமாகத் தக்கது இருக்கிறது. அது வயிரமாவதற்குச் சர்க்கரை வேண்டும், உப்பு வேண்டும், காற்று வேண்டும், நாட்கள் வேண்டும். மரம் வாங்கப் போகும் தச்சர் இதைக் கொள்கையாகச் சொல்வதில்லை. ஆனால் அவர் கேட்கும் கேள்விகளில் இது முழுக்க இருக்கிறது. என்ன மரம் என்று கேட்டுவிட்டு அவர் விலை பேசுவதில்லை. எந்தக் காட்டு மரம், எத்தனை வயது, நேரே வளர்ந்ததா, சாய்ந்து நின்றதா என்று அடுத்தடுத்துக் கேட்பார். முதற்கேள்வி விதைக்குரியது, மற்றவை அந்த மரம் நின்ற நிலத்துக்கும் வாழ்ந்த காலத்துக்கும் உரியவை. முதற்கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறவர் படகு கட்டினால், அந்தப் படகில் அலையைத் தாண்ட யாரும் ஏறமாட்டார்கள்.